மில் வாசலில் கிடைக்கும் கோழித்தீவனம்

கோழி வளர்ப்பில் 100 ரூபாய் செலவானால் அதில் 60 முதல் 70 ரூபாய் தீவனத்துக்கே போய்விடும். மாகறலில் முப்பது நாட்டுக்கோழி வைத்திருப்பவரும் நாமக்கல்லில் முப்பதாயிரம் முட்டைக்கோழி வைத்திருப்பவரும் ஒரே கணக்கில்தான் தவிக்கிறார்கள். நாமக்கல்காரர் சோயா புண்ணாக்கையும் மக்காச்சோளத்தையும் லாரிக் கணக்கில் வாங்கிச் சமாளிப்பார். செய்யாற்றங்கரை மாகறல்காரருக்கு அந்தப் பேரம் படியாது. ஆனால் அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வேறொன்று இருக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து மாகறல் வழியாக உத்திரமேரூர் போகும் பாதையெங்கும் நெல். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டமும் அறுவடையாகி ஏதோ ஒரு மில்லுக்குப் போகிறது. செய்யாறு, வந்தவாசி பக்கம் நிலக்கடலை விளைகிறது; அது செக்குக்குப் போகிறது. அரிசியும் எண்ணெயும் வெளியே போனபின் மில்லிலும் செக்கிலும் மிஞ்சுவதில்தான் நம் கோழியின் பாதித் தீவனம் இருக்கிறது.

இந்த அத்தியாயத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். ஆலையில் மிஞ்சும் பொருளை விலை பார்த்து வாங்காதீர்கள். அது எந்த இயந்திரத்திலிருந்து விழுந்தது, எப்போது விழுந்தது என்று கேட்டு வாங்குங்கள். ஒரே பெயரில் விற்கும் இரண்டு மூட்டைகளில் ஒன்று கோழியை வளர்க்கும், மற்றொன்று வயிற்றை அடைக்கும்.

தவிடு

ஒரு டன் நெல்லை நல்ல மில்லில் அரைத்தால் ஏறத்தாழ 200 கிலோ உமியும் 70, 80 கிலோ தவிடும் பிரியும். உமியில் கோழிக்கு ஒன்றுமே இல்லை. அதன் சாம்பலில் பெரும்பங்கு மணலுக்குரிய சிலிக்கா. கோழியின் குடலால் அதை எதுவும் செய்ய முடியாது. கோழிக்கொட்டகைத் தரையில் பரப்ப உமி அருமையான பொருள். அங்கேயே இருக்கட்டும்.

தவிடு அப்படியல்ல. அரிசியின் மேல்தோலும் முளைக்கருவும் சேர்ந்தது அது. 12 முதல் 14 சதவீதம் புரதம், ஏறக்குறைய அதே அளவோ கூடுதலாகவோ எண்ணெய், அதோடு பி வகை உயிர்ச்சத்துகள். தவிட்டின் அருமையை உலகத்துக்குக் காட்டிக்கொடுத்ததே கோழிகள்தான். 1880களின் இறுதியில் ஜாவாத் தீவின் பட்டாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், கிறிஸ்டியான் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் வைத்திருந்த கோழிகள் திடீரென்று கால் தள்ளாடி விழத் தொடங்கின; சில மாதங்களில் தாமாகவே தேறின. விசாரித்தபோது, இடைப்பட்ட காலத்தில் ராணுவ மருத்துவமனைச் சமையலறையிலிருந்து தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு கோழிகளுக்குப் போனது தெரிந்தது. புதிதாக வந்த சமையற்காரர் ராணுவத்துச் சோற்றைக் கோழிக்குத் தர மறுத்ததும் பழைய தீட்டாத அரிசி திரும்பியது, கோழிகளும் எழுந்தன. தவிட்டில் இருக்கும் ஏதோ ஒன்று உயிரைக் காக்கிறது என்ற அந்தத் தடயம்தான் பின்னால் தயமின் என்ற உயிர்ச்சத்தைக் கண்டறிய வழிவிட்டது. 1929-ல் எய்க்மானுக்கு நோபல் பரிசு கிடைத்தது. வெறும் குருணையும் மீந்த சோறும் மட்டும் போட்டுக் கோழி வளர்ப்பவர்கள் இந்தக் கதையை மறக்கக் கூடாது.

இனி இயந்திரத்துக்கு வருவோம். கிராமங்களில் இன்னும் ஓடும் பழைய ஹல்லர் மில்லில் நெல் ஒரே உருளையில் உரிந்து தீட்டப்படும். உமியும் தவிடும் பிரியாமல் ஒன்றாகவே கொட்டும். விலை மலிவு; மாட்டுக்குச் சிலர் போடுவார்கள்; கோழிக்கு உதவாது. நவீன மில்லில் முதலில் உமி தனியாகப் பிரிந்து போய்விடும், பிறகு அரிசியைத் தீட்டும்போது தவிடு தனியாக விழும். உங்களுக்கு வேண்டியது இதுதான்.

இதிலும் பச்சரிசித் தவிடு, புழுங்கல் தவிடு என்று இரண்டு உண்டு. வேறுபாடு பெரிது. பச்சை நெல்லைத் தீட்டும் கணத்திலேயே தவிட்டில் உள்ள லைபேஸ் என்ற நொதி எண்ணெயோடு கலந்து அதைச் சிதைக்கத் தொடங்கிவிடும். இரண்டொரு நாளில் வாசம் மாறும். கோடையில் ஒரு வாரம் வைத்தால் நாக்கில் கசப்பும் தொண்டையில் கரகரப்பும் தெரியும். கோழி அதை ஒதுக்கும், பசிக்குத் தின்றாலும் உடம்பில் ஒட்டாது. புழுங்கல் நெல் ஏற்கெனவே வெந்து வருவதால் அந்த நொதி செத்திருக்கும். புழுங்கல் தவிட்டில் எண்ணெயும் அதிகம், தாங்கும் நாளும் அதிகம். நம் பக்கத்து மில்களில் புழுங்கல் தாராளமாக ஓடுகிறது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

மில்லுக்குப் போனால் மூட்டையைத் தொடுமுன் இரண்டு கேள்வி. "அண்ணா, இது இன்னிக்கு ஓட்டினதா?" "புழுங்கலா, பச்சையா?" தவிடு அள்ளுபவருக்கு இது நிச்சயம் தெரியும், கேட்டால் சொல்லவும் சொல்வார். கேட்காதவர்களுக்குத்தான் மூலையில் கிடக்கும் பழைய மூட்டை வந்து சேரும்.

பச்சைத் தவிடுதான் கிடைத்தது என்றால் அன்றைக்கே இரும்புச் சட்டியில் போட்டு, கைபடாத சூடு வரும்வரை கிளறி, பத்து நிமிடம் அந்தச் சூட்டிலேயே வைத்து, பரப்பி ஆறவிட்டுக் கட்டுங்கள். வெயிலில் காயவைப்பது ஈரத்தைக் குறைக்கும், நொதியை நிறுத்தாது.

கலப்படம் பார்க்க ஆய்வகம் வேண்டியதில்லை. ஒரு பிடி தவிட்டை விரல்களுக்கு நடுவே தேயுங்கள். நல்ல தவிடு மாவுபோல வழுக்கும், கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டும். குத்தினால் அதில் அரைத்த உமி இருக்கிறது. முறத்தில் புடைத்தாலும் உமி முன்னால் போய் நிற்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கி வைத்தால் மணல் அடியில் தங்கும். வெள்ளைத் துகள் தெரிந்தால் எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்புக்கல் தூள் கலந்திருக்கிறார்கள் என்று பொருள்.

எண்ணெய் நீக்கிய தவிடு என்று இன்னொன்று கடைகளில் மூட்டையாக வரும். கரைப்பான் ஆலையில் எண்ணெயை எடுத்தபின் மிஞ்சுவது. கெடாது, புரதம் சற்றுக் கூடுதல். ஆனால் எண்ணெய் போனதால் சக்தி குறைவு, நார் அதிகம். பெரிய ஆலைகள் மாட்டுத்தீவனத்துக்கும் மீன்தீவனத்துக்கும் இதைத்தான் வாங்குகின்றன. 2023 ஜூலையில் ஒன்றிய அரசு இதன் ஏற்றுமதியையே தடை செய்தது. உள்ளூரில் தீவன விலை ஏறியதுதான் காரணம். நம் ஊர் மில் வாசலில் விழும் பொருளின் விலையைக் கப்பல் தீர்மானிக்கும் காலம் இது. அதனால் ஒரே பொருளை நம்பிக் கலவை போடாதீர்கள்.

எவ்வளவு போடலாம்? முட்டையிடும் கோழிக்கு மொத்தத் தீவனத்தில் நான்கில் ஒரு பங்கு வரை. வளரும் கோழிக்கு இன்னும் கொஞ்சம் கூட்டலாம். எட்டு வாரம் ஆகாத குஞ்சுக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். அதன் குடல் அவ்வளவு நாரைத் தாங்காது. தவிட்டில் பாஸ்பரஸ் நிறைய இருந்தும் அதில் பெரும்பகுதி ஃபைட்டேட் என்ற வடிவில் பூட்டிக் கிடக்கிறது. கோழியிடம் அதைத் திறக்கும் நொதி போதாது. தவிடு போட்டால் தாது உப்புக் கலவையும் கட்டாயம் போட வேண்டும் என்று கால்நடை மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

குருணை

இதில் சொல்ல அதிகமில்லை. அரிசியில் உடைந்தது; சக்தி மக்காச்சோளத்துக்குச் சற்றே குறைவு, புரதம் 8 சதவீதம், நார் மிகக் குறைவு. குஞ்சுக்குக்கூட நல்லது. மக்காச்சோளத்தின் மஞ்சள் நிறமி இதில் இல்லாததால் முட்டைக்கரு வெளுக்கும். முருங்கைக்கீரையும் அகத்திக்கீரையும் தினம் ஒரு கட்டு தொங்கவிட்டால் நிறம் திரும்பிவிடும், உயிர்ச்சத்து ஏவும் சேரும்.

புண்ணாக்கு

கடலைப் புண்ணாக்கில் 40 முதல் 45 சதவீதம் புரதம். செக்குப் புண்ணாக்கில் கொஞ்சம் எண்ணெயும் தங்கியிருக்கும். வாசனை நல்லது, கோழி ஆசையாகத் தின்னும். ஆனால் கோழித்தீவனத்தில் அதிகம் பயப்பட வேண்டிய பொருளும் இதுவே.

1960-ல் இங்கிலாந்தில் சில மாதங்களுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. காரணம் புரியாமல் அதற்கு வான்கோழி எக்ஸ் நோய் என்று பெயர் வைத்தார்கள். தீவனத்தைத் துருவிப் பார்த்தபோது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் ஒரு பூஞ்சணம் விட்டுச்சென்ற நஞ்சு அகப்பட்டது. அதுதான் அஃப்ளாடாக்சின். இன்று இந்தியத் தர நிர்ணயத்தில் கோழித்தீவனத்துக்கு உள்ள உச்சவரம்பு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். கண்ணுக்குத் தெரியாத அளவு அது. காய் பறித்த நேரத்தில் மழை பிடித்தாலோ, ஈரக்கடலையை ஆட்டினாலோ, புண்ணாக்கை ஈரத்தரையில் அடுக்கினாலோ நஞ்சு அந்த அளவை எளிதில் தாண்டிவிடும். காய்ச்சினாலும் வறுத்தாலும் நஞ்சு முழுதாகப் போகாது.

எனவே ஆட்டிய அன்றே வாங்குங்கள். வில்லையை உடைத்து நடுவைப் பாருங்கள். மேலே சுத்தமாக இருந்து உள்ளே பச்சையோ கருப்போ பூத்திருக்கும். பூத்ததைச் சுரண்டிவிட்டுப் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், நஞ்சு பூஞ்சணத்தைவிட ஆழமாகப் போயிருக்கும். எருக்குழிக்குப் போகட்டும். கோழியோடு வாத்தும் வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வாத்துக்குஞ்சு இந்த நஞ்சுக்குக் கோழியைவிட மிக எளிதில் இரையாகும். அதற்குக் கடலைப் புண்ணாக்கே வேண்டாம்.

எள்ளுப் புண்ணாக்கைக் கூடச் சேர்ப்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது. இறகும் முட்டையும் உருவாக மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் வேண்டும். கடலையில் அது குறைவு, எள்ளில் நிறைவு. உடம்பு வளர லைசின் வேண்டும். அது கடலை, எள் இரண்டிலுமே குறைவு. மீனில் நிறைய உண்டு. ஒன்றின் குறையை இன்னொன்று ஈடு செய்யும்படி சேர்ப்பதே தீவனக் கலவை. எள்ளில் உள்ள ஆக்சலேட்டும் ஃபைட்டேட்டும் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் பத்தில் ஒரு பங்குக்குள் நிறுத்துங்கள். தேங்காய்ப் புண்ணாக்கு 20 சதவீதம் புரதத்தோடு நார் மிகுந்தது, கொஞ்சமாகப் போடலாம்.

ஆமணக்குப் புண்ணாக்கும் இலுப்பைப் புண்ணாக்கும் கோழிக்கொட்டகைக்குள்ளேயே வரக் கூடாது. ஆமணக்கில் ரிசின் என்ற கொடிய நஞ்சு, இலுப்பையில் சபோனின். இரண்டும் வயலுக்கு உரம். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கில் உள்ள காசிபோல் முட்டைக்கருவைப் பாசிநிறமாக்கிவிடும்.

கருவாடும் பட்டுப்புழுவும்

கருவாட்டுத் தூள் வாங்கும்போது நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்புப் போட்டுப் பதப்படுத்திய கருவாட்டில் ஐந்தில் ஒரு பங்கு உப்பாக இருக்கலாம். அப்படிப்பட்டதை 25 கிலோ தீவனத்தில் ஒன்றரைக் கிலோ போட்டால் 300 கிராம் உப்பு. அந்த அளவுத் தீவனம் தாங்குவது 100 கிராம் சொச்சம்தான். கோழி தண்ணீராகக் கழியும், குஞ்சு சாகும். கடற்கரையில் உப்பில்லாமல் மணலில் காயவைத்த சிறுமீனைத் தனியாகக் கேட்டு வாங்கி, சல்லடையில் மணலைச் சலித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

காஞ்சிபுரம் பட்டூர் என்பதால் பட்டுப்புழு இங்கே கிடைக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். இங்கே நடப்பது நெசவு. பட்டு இங்கு வரும்போதே நூலாகத்தான் வருகிறது, பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து. கூட்டை வெந்நீரில் போட்டு நூல் எடுக்கும் இடத்திலேயே புழு தங்கிவிடும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நூற்பாலை நடத்துபவர்களோடு தொடர்பு இருந்தால் கேட்டுப் பாருங்கள், கேட்கத் தகுந்த பொருள்தான். கூட்டின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் பட்டு, மீதியெல்லாம் புழு. காய்ந்த புழுவில் பாதிக்குப் பாதி புரதம், லைசினும் மெத்தியோனினும் மீனுக்கு ஈடாக இருக்கும். எண்ணெய் கால் பங்குக்கு மேல் இருப்பதால் ஈரப்புழு ஒரே நாளில் நாறும். ஆகவே காய்ந்ததை மட்டும் வாங்கி, நூற்றில் ஐந்துக்குள் வைத்து, கறிக்கு விற்கும் கோழிக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள், இல்லையேல் கறியில் வாடை நிற்கும். சாயப்பட்டறையில் பட்டுநூலைச் சோப்பும் சோடாவும் போட்டுக் காய்ச்சி இறக்கும் பசைத்தண்ணீரிலும் புரதம் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அது கழிவுநீர், கோழி குடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில்கூட ஓடவிடக் கூடாது.

கலவை

மேயும் கோழிக்கு முழுத்தீவனம் வேண்டியதில்லை. புழுவும் புல்லும் சிந்திய நெல்லும் அது தேடிக்கொள்ளும். மாலையில் அடையும்போது தலைக்கு 50 கிராம் வைத்தால் போதும். முப்பது கோழிக்கு நாளைக்கு ஒன்றரைக் கிலோ. 25 கிலோ கலந்தால் பதினாறு நாள் வரும். தவிடு நல்ல நிலையில் தாங்கும் காலமும் ஏறக்குறைய அவ்வளவே. மூட்டை மலிவாகக் கிடைக்கிறதென்று நூறு கிலோ கலந்து வைக்காதீர்கள்.

25 கிலோவுக்கு: குருணை 8 கிலோ, உடைத்த மக்காச்சோளம் 4 கிலோ, புழுங்கல் தவிடு ஐந்தரைக் கிலோ, கடலைப் புண்ணாக்கு மூன்றேகால் கிலோ, எள்ளுப் புண்ணாக்கு 2 கிலோ, உப்பில்லாக் கருவாட்டுத் தூள் ஒன்றரைக் கிலோ, தாது உப்புக் கலவை 500 கிராம், கிளிஞ்சல் தூள் 200 கிராம், கல்லுப்பு பொடித்தது 50 கிராம்.

புரதத்தை நீங்களே கணக்கிடலாம். ஒவ்வொரு பொருளின் எடையையும் அதன் புரதச் சதவீதத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, 25 ஆல் வகுங்கள். குருணை 8 பெருக்கல் 8 என்றால் 64. மக்காச்சோளம் 4 பெருக்கல் 9 என்றால் 36. இப்படியே போனால் கூட்டுத்தொகை 440 சொச்சம் வரும், அதாவது 17 முதல் 18 சதவீதம். முட்டைக்கோழிக்கு இது சரியான அளவு. ஒரு பொருள் கிடைக்காமல் வேறொன்று போடும் ஒவ்வொரு தடவையும் இந்தப் பெருக்கலைப் போடுங்கள். ஆனால் கூட்டுத்தொகை மட்டும் போதாது. கருவாட்டை எடுத்துவிட்டு ஒன்றரைக் கிலோ கடலைப் புண்ணாக்கைக் கூட்டினால் புரதம் கிட்டத்தட்ட அதேதான் வரும். லைசின் குறைந்துவிடும், வளரும் கோழி எடை கூடாமல் நிற்கும். காகிதத்தில் சரியாக இருந்து கொட்டகையில் தோற்கும் கலவைகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தோற்கின்றன.

கலக்கும்போது தாது உப்பு, கல்லுப்பு, கிளிஞ்சல் மூன்றையும் முதலில் ஒரு கிலோ தவிட்டில் பிசறி, பிறகு மீதித் தவிட்டோடு, கடைசியில் எல்லாவற்றோடும் சேருங்கள். நேராகக் குவியலில் கொட்டினால் ஒரு கோழிக்கு உப்பு முழுவதும், மற்றதற்கு ஒன்றுமில்லை. முட்டையிடும் கோழிக்குக் கிளிஞ்சல் இதைவிடப் பல மடங்கு வேண்டும். அதை உடைத்துத் தனித்தட்டில் வையுங்கள். முட்டையிடுகிற கோழி தானே போய்க் கொத்தும். கலவையிலேயே நிறையப் போட்டால் வளரும் கோழியின் சிறுநீரகம் கெடும். குஞ்சுக்கு முதல் எட்டு வாரம் கடையில் விற்கும் குஞ்சுத்தீவனமே வாங்குங்கள். அங்கே மிச்சம் பிடிப்பது பின்னால் பெரிய நட்டமாகும்.

பருவத்துக்கு ஏற்றபடி கலவையையும் மாற்ற வேண்டும். தை, மாசியில் சம்பா அறுத்த வயலிலும் களத்திலும் நெல் சிந்திக் கிடக்கும்; அப்போது குருணையைப் பாதியாக்கிப் புண்ணாக்கின் பங்கை அப்படியே வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை விடாது. கோழி வெளியே போகாது. தீவனத்தைத் தலைக்கு 80, 90 கிராமாகக் கூட்ட வேண்டும். அந்த இரண்டு மாதம் கடலைப் புண்ணாக்கை ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்குங்கள். மூட்டையைப் பலகைமேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். ஈரம் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், காய்ந்த கண்ணாடிப் புட்டியில் மக்காச்சோளமும் நன்கு காய்ந்த தூளுப்பும் போட்டுக் குலுக்கிச் சற்று நேரம் வைத்துப் பாருங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் தானியம் இன்னும் காய வேண்டும்.

பழைய தீவனத்திலிருந்து புதியதற்கு ஒரே நாளில் மாற்றாதீர்கள். கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று ஒரு வாரத்தில் மாற்றுங்கள். அந்த வாரம் காலையில் எச்சத்தைப் பாருங்கள். தண்ணீராக இருந்தால் உப்பு. தவிடு தவிடாகவே வெளியே வந்தால் நார் அதிகம். பத்துப் பதினைந்து நாளில் முட்டை ஓடு மெலிந்தால் தனித்தட்டில் கிளிஞ்சல் தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். முட்டை குறைந்து, கொண்டை வெளுத்து, செத்த கோழியின் ஈரல் மஞ்சளாக வீங்கியிருந்தால் கடலைப் புண்ணாக்கை அன்றே நிறுத்திவிட்டு, மிச்சத்தில் ஒரு பகுதியைச் சோதனைக்கு எடுத்து வையுங்கள். நான்கைந்து மூட்டைகளின் மேல், நடு, அடி என்று எல்லா இடத்திலிருந்தும் ஒவ்வொரு பிடி எடுத்து ஒன்றாகக் கலந்து, அதில் அரைக் கிலோவைக் காற்றுப்புகாத பையில் கட்டி, வாங்கிய நாளையும் பொருளின் பெயரையும் எழுதி ஒட்டுங்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இருக்கிறது. காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு அதே பல்கலைக்கழகத்தின் காட்டுப்பாக்கம் வளாகம் இன்னும் பக்கம். எங்கே, எப்படி அனுப்புவது என்று முதலில் உங்கள் பகுதிக் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். முடிவு வரும்வரை அந்தப் புண்ணாக்கு மாட்டுக்கும் போக வேண்டாம். பால் கறக்கும் மாடு தின்றால் அதே நஞ்சின் ஒரு பகுதி பாலில் இறங்கும்.